எலி அன்ரியும் கெவினின் நோன்பும்

மெல்பர்னில் எதற்கும் நிபுணர் உண்டு. குழந்தைக்கு எந்த வயதில் அவகாடோ கொடுக்கலாம் என்று சொல்ல ஒருவர், நாய்க்கு மனச்சோர்வு என்று கண்டுபிடிக்க ஒருவர். ஆனால் சத்துணவு என்றால் என்னவென்று முழுதாகப் புரிந்துகொண்டவர் இந்தக் கண்டத்திலேயே வெரிபீ புறநகரில் இருக்கும் எலி அன்ரி ஒருவர்தான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். என்ன, அது மனிதர்களுக்கான சத்துணவு இல்லை, பாம்புகளுக்கானது.

இலங்கை மன்னார்க்காரர், அங்கே ஆன்டிக்கு அன்ரி. நிஜப்பெயரை யாரும் கேட்டதில்லை. கார் நிற்க வேண்டிய கராஜில் எலி வளர்த்து, பாம்பு வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் அவர் தொழில்.

அவரிடம் போக நேர்ந்தது என் தலையெழுத்து. ஒன்பதாவது படிக்கும் என் மகள் அபி, பிறந்தநாளுக்கு மலைப்பாம்பு கேட்டாள். எங்கள் ஊர் திருச்சியில் பாம்பு என்று ஒரு குரல் கேட்டால் தெருவே கம்போடு கூடிவிடும். இங்கே அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சூடேற்றிய கண்ணாடிப் பெட்டியில், எங்கள் கிளேட்டன் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் குடியேற்றினோம். பெயர் கெவின். "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கட்டளையிட்ட என் மனைவி, மறுநாளே தன் அம்மாவுக்கு வீடியோ அனுப்பினாள்.

அந்தக் கெவின் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டான். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பதினொரு வாரம் ஓடிவிட்டது. முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. இன்னும் எடை குறைந்தால் பிழைப்பது கஷ்டம் என்று மிருக டாக்டர் கையை விரித்தார். அபி ஸ்கூல் விட்டு வந்ததும் பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுவாள். "அப்பா, ஹி இஸ் டையிங்" என்பாள். ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் எலி அன்ரியிடம் போகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கெவினைப் பெட்டியோடு காரில் ஏற்றினோம்.

எலி அன்ரி எங்களைப் பார்க்கவில்லை, கெவினைத்தான் பார்த்தார். நேரில் பார்க்காத பாம்புக்கு அவர் எலி கொடுக்கமாட்டாராம். பெண் பார்க்க வந்தவர்போல ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"என்ன குடுத்தனீங்கள்?"

"எலிக்குஞ்சு அன்ரி. கண்ணே திறக்காத குஞ்சு. கண்ணு முழிச்சதைப் பார்த்தா என் ஒய்ஃபுக்குப் பாவமா இருக்கு."

"எலும்பு முத்தாத குஞ்சில என்ன சத்து இருக்கு? இவ்வளவு வளந்த பிள்ளைக்கு இன்னும் பால் போத்தலே குடுப்பீங்கள்? உடம்பில நல்லாத் தடிச்ச இடம் எவ்வளவோ, அந்தத் தடிப்பில எலி வேணும். எலும்பு, மயிர், ஈரல் எல்லாம் சேந்த முழு எலி. சரி, சாப்பாடு எப்பிடி வைக்கிறனீங்கள்?"

இதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. "குடும்பமா சேர்ந்துதான் அன்ரி. மூணு பேரும் பெட்டியைச் சுத்தி உக்காந்து, தினமும் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காட்டுவோம். என் மாமியார் வீடியோ கால்ல, 'ஒரு வாய் வாங்கிக்கோடா கண்ணா'ன்னு கெஞ்சுவாங்க."

அன்ரி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ ஆண்டவரே! இதென்ன சம்பந்தி விருந்தே? பாம்புக்கு உபசாரம் ஆகாது. வைச்சுப்போட்டு, துணியால மூடிப்போட்டு, எழும்பிப் போகோணும்!"

பிறகு கராஜைக் காட்டினார். எலி என்ன தின்கிறதோ அதுதான் பாம்புக்குப் போகும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே எலிகளுக்குக் குரக்கன் என்று அவர் சொல்லும் கேழ்வரகு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. அவை என்னைவிட மினுமினுப்பாக இருந்தன. மூலை நாற்காலியில் இருந்த அவர் கணவர், கையிலிருந்த ரொட்டித்துண்டைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, உதுகளுக்கு முட்டை. எனக்கு நேத்தையான் பாண்."

அப்போது கைநிறையப் பச்சை குத்திய லாரி டிரைவர் ஒருவர் தன் பாம்போடு வந்தார். அன்ரி அதை ஒரு பார்வை பார்த்தார். "டூ ஃபேட். நோ ராட். ஒன் மந்த்." ஒரு மாதத்துக்கு எலி கிடையாது! அந்த ஆறடி மனிதர் வாத்தியாரிடம் அடி வாங்கியவர்போலத் தலைகுனிந்து போனார்.

எங்கள் முறை வந்தபோதுதான் அன்ரிக்கு ஞாபகம் வந்தது. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலம், நோன்பு நாள். இந்த வீட்டில இறைச்சி ஒருத்தருக்கும் இல்லை."

"அன்ரி, ஹி இஸ் நாட் ஈவன் கேத்தலிக்!" என்று அபி வெடித்து அழுதாள்.

அன்ரிக்கு முகம் மாறிவிட்டது. உடனே சர்ச்சுக்குப் போன் போட்டார். "ஃபாதர், ஒரு நோயாளி. பதினொரு கிழமையா ஒண்டும் சாப்பிடேல்லை. இண்டைக்கு இறைச்சி குடுக்கலாமோ?"

ஸ்பீக்கரில் ஃபாதர் பதறினார். "தாராளமாக் குடுங்கோ! நோயாளிக்கு ஏது நோன்பு? ஆர் ஆள்?"

"கெவின் எண்டு, கிளேட்டன் பக்கம்."

"ஞாயிறு பூசையில மன்றாடுறன்."

கெவினை விட்டுவிட்டுப் போகச் சொன்னார் அன்ரி. உறைய வைத்திருந்த எலி ஒன்றை எடுத்து, வெந்நீரில் இளக வைத்து, நீண்ட இடுக்கியால் பெட்டிக்குள் வைத்து மூடினார். உயிரோடு கொடுக்கக் கூடாதாம், எலி பாம்பைக் கடித்துவிடுமாம். வெள்ளி சாப்பிடவில்லை. சனி புதிதாக ஒன்று வைத்தார், அதையும் தொடவில்லை. அபி இரண்டு நாளும் தூங்கவில்லை.

ஞாயிறு மதியம் நாங்கள் போனபோது, வாசலில் ஏழெட்டுச் செருப்பு. அன்ரி வீட்டில் ஒரு நோயாளி கிடக்கிறார் என்று, பூசையில் ஊரே கெவினுக்காக மன்றாடியிருக்கிறது. சமையலறை மேசையில் மூன்று ஃபிளாஸ்க் கோழி சூப். நோயாளிக்குப் பூசுகிற எண்ணெயோடு ஃபாதரே வந்துவிட்டார். கராஜ் கதவை மறித்து நின்ற அன்ரி, உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதேங்கோ ஃபாதர். பிள்ளை சாப்பிடுது."

ஃபாதர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். பெட்டியை மூடியிருந்த துணி கொஞ்சம் விலகியிருந்தது. கெவின் வாயில் ஒரு வால் மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று எண்ணெயைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு கோப்பை சூப் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அபி ஓடிப்போய் அன்ரியைக் கட்டிக்கொண்டாள். அன்ரி ஒரு கையால் அவளை அணைத்து, மறுகையால் கராஜ் கதவை இழுத்துச் சாத்தினார்.

"எனக்குப் பாம்பெண்டால் சரியான பயம் பிள்ளை" என்றார். "பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தன் பாம்பைப் பெட்டியோட விட்டுட்டுப் போயிட்டான். அப்பிடித்தான் தொடங்கினது. இண்டைக்கும் பயம்தான். ஆனா ஒண்டு பசியோட கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது."

கெவின் இப்போது கொழுகொழுவென்று இருக்கிறான். எலி வாங்க வேண்டாத நாளிலும் நான் வெரிபீ பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறேன். எடையைக் குறை என்று டாக்டர் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அன்ரியோ கதவைத் திறந்ததும், "நல்லா மெலிஞ்சு போனீங்கள், வாங்கோ சாப்பிட" என்கிறார். இந்தப் பெரிய நாட்டில் என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?