அக்காவின் மருந்துக்கு நானே பொறுப்பு

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கைக்கு வந்ததும் மனிதனுக்கு முதலில் வருவது அக்கறை இல்லை, தோரணை. எனக்கு வந்தது. நடையே மாறிவிட்டதாக என் மனைவி சொன்னாள்.

என் அக்கா லூர்து மேரி, வெள்ளிமலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினாள். ஜீப் ஓட்டிய மாமாவைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஏறியவள், மாமா இறந்த பிறகும் கீழே இறங்க மறுத்துவிட்டாள். கடைக்குப் பாதிப் பேர் கருவாட்டுக் குழம்புக்காக வருவார்கள், மீதிப் பேர் அவள் பேச்சுக்காக. அவளுக்குப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றி முடிந்து, எல்லாம் ஆன பிறகும் காலில் ஒரு நரம்பு வலி மட்டும் போகவே இல்லை. மாத்திரைக்கெல்லாம் அது மசியவில்லை.

புதுச்சேரியில் ஓர் ஆயுர்வேத டாக்டர், புற்றுநோய் டாக்டரையும் கலந்து பேசிவிட்டு, ஓர் எண்ணெய் எழுதிக் கொடுத்தார். பெயர் விஜயா.

"விஜயான்னா கஞ்சா இலைம்மா. லைசென்ஸோட தயாரிக்கறது. சீட்டு இருந்தாதான் கொடுப்பாங்க."

"எங்க தெருவுலயே ரெண்டு மூணு விஜயா இருக்குதுங்க டாக்டர். அதுங்களுக்குத் தெரியுமா இது?" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கூட இருந்து பாத்துக்கறவர் நீங்கதானே? இதுக்கு நீங்கதான் பொறுப்பு. பூட்டி வைங்க. சொன்ன சொட்டுக்கு மேல கொடுக்காதீங்க. வலின்னு வேற யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. நீங்களும் ருசி பாக்காதீங்க. வழியில பாட்டில் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். சீட்டு எப்பவும் கூட இருக்கட்டும்."

நான் மந்திரி பதவியேற்பது போலத் தலையாட்டினேன். அக்கா வீட்டுக்கு வந்ததும் அவள் பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். (பீரோவில் ஏற்கெனவே ஒரு பூட்டு இருந்தது. இது அதற்கும் மேலே.)

முதல் பாட்டில் வேலை செய்தது. அக்கா தூங்கினாள். கல்லாவில் உட்கார்ந்து பழையபடி ஊர் வம்பு பேசினாள். இரண்டாவது பாட்டில் வந்து சேரத் தாமதமாகி, இருந்தது தீர்ந்துபோய், மறுபடி தூக்கம் கெட்டது. போனில் "நல்லாதான் இருக்கேன்டா" என்பாள். குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

மருந்து கைக்கு வந்த அன்றே, நான் குடியிருக்கும் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் பஸ் ஏறினேன். ஏறும் முன்பு ஒரு நல்ல காரியம் செய்தேன். சீட்டு கசங்கிக் கிழிந்துவிடக் கூடாதே என்று அதை லேமினேஷனுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் "சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்றார். பொறுப்பான ஆள் என்று என்னையே மெச்சிக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, தன் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துவிட்டு மூட்டையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

மலை அடிவாரத்தில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. மேலே சாராயம் காய்ச்ச யாராவது வெல்லம் கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பது அங்கே வழக்கம். ஓர் ஏட்டு ஏறி, ஒவ்வொரு பையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தார்.

"பையில இன்னா?"

"கஞ்சா இல்லீங்க" என்றேன்.

இன்றைக்கும் என் வாயை நான் மன்னிக்கவில்லை. ஏட்டின் கை பாதியில் நின்றது.

"யோவ், நான் வெல்லத்தைத் தேடிக்கினு இருக்கேன். கஞ்சாவை யார் கேட்டது?"

"இல்லீங்க, அதாவது, கஞ்சாதாங்க. ஆனா மருந்துக்குங்க."

அந்த அம்மா என் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்.

"சீட்டு எங்கே?"

"லேமினேஷனுக்குக் குடுத்திருக்கேங்க."

பஸ்ஸே சிரித்தது. ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை.

சாவடிக் கொட்டகையில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பாட்டிலை எதிரே மேஜையில் வைத்தார்கள். பஸ் நான் இல்லாமலே மலையேறிப் போனது. பாட்டில் மேல் கண் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அப்போது பார்த்துதான் ஞாபகம் வந்தது. அதனால் கண்ணைச் சிமிட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாய்யா, வந்ததுலருந்து அதையே பாத்துக்கினு இருக்க? தாங்க முடியலியா?" என்றார் ஏட்டு.

டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கடைசியில், யாருக்குப் போடவே கூடாது என்று நினைத்தேனோ அவளுக்கே போட்டேன். மேலே வலியோடு படுத்திருந்தவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்கேயே இரு. வாயைத் திறக்காத" என்றாள்.

ஜீப்பில் வந்தாள். நைட்டி மேல் துண்டு, புற்றுநோய் மருந்தில் உதிர்ந்து அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த தலைமுடி, கையில் சாட்சிக்கு முதல் எண்ணெயின் காலி பாட்டில். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் எப்படி வந்தாள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு நேராக உள்ளே வந்து, போனை நீட்டினாள்.

"இதாங்க சீட்டு. டாக்டரு வாட்ஸப்புல அனுப்பினது." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கும்தான்டா அனுப்பினாரு."

என் போனைத் திறந்தேன். இருந்தது. அதற்குக் கீழே கட்டைவிரல் பொம்மை போட்டு நான் அனுப்பிய பதிலும் இருந்தது.

ஏட்டு சீட்டில் இருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் பேசி உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இவருதான் உங்களைப் பாத்துக்கறவரா?"

"அப்படித்தாங்க வெளியே சொல்லிக்கறோம்" என்றாள் அக்கா.

அப்போதுதான் ஏட்டு சிரித்தார். அக்காவுக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். (எனக்கு இல்லை.)

திரும்ப மலையேறும்போது நான் ஜீப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுடா. பூட்டு, சாவி, சொட்டு, சீட்டு... உன் பொறுப்பெல்லாம் போதும். பாட்டிலை எந்த ஜீப்காரங்கிட்ட குடுத்தாலும் கொண்டாந்து குடுப்பான். நீ வந்தா கொஞ்ச நேரம் உக்காரு. வந்த உடனே மருந்தைக் குடுத்துட்டு, சொட்டை எண்ணிட்டு, கடைசி பஸ்ஸு போய்டும்னு ஓடற. நான் யார் கூடடா பேசறது?"

ஒரு வளைவில் வண்டி குலுங்கியது. அவள் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வளைவு தாண்டியும் விடவில்லை. அன்றைக்கு நான் கீழே இறங்கவில்லை. சொட்டு மருந்து போட்டுக்கொண்டு அவள் தூங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் தங்கினேன். போகாத நாட்களும் உண்டு. இப்போது அவற்றைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பு ஓரளவு இடம் கொடுத்தவரை அக்கா இந்தக் கதையைக் கடைக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. ஓர் ஏட்டு ஒரு லாரி போலீஸ் ஆனார். பாட்டில் சாக்கு ஆனது. எனக்கு விலங்கு மாட்டினார்கள், நான் ஏட்டின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அக்கா, அழவெல்லாம் இல்லையே" என்பேன். "நீ கம்முனு சாப்பிடு. கதையைக் கெடுக்காத" என்பாள், இன்னும் ஒரு கரண்டி குழம்பை என் இலையில் ஊற்றிக்கொண்டே.

அக்கா போய்விட்டாள். கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ் என்று எங்கே கூடினாலும் நான் பையோடு நுழைந்தால் போதும், வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கும் அக்காவின் மகள் ஜெனிபர் "பையில இன்னா மாமா?" என்பாள். நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீடே சொல்லிவிட்டுச் சிரிக்கும். பிறகு புதிதாக வந்த மருமகனுக்கோ மருமகளுக்கோ யாராவது கதையை முதலிலிருந்து சொல்வார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்பேன்.

எல்லோரும் நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஒரே குறை, நடந்ததை நடந்தபடியே சொல்கிறார்கள். அதில் ஒரே ஓர் ஏட்டுதான் வருகிறார். விலங்கு இல்லை. நான் அழுவதும் இல்லை.