ஒசாக்காவில் ஒரு தலையாட்டல்

‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்று புது மனைவியிடம் சொல்லும் ஆணை வீட்டோடு வைத்திருப்பது நல்லது. ரயிலில் மட்டும் ஏற்றக் கூடாது.

எழுபதுகளில் மெல்பேர்ணில் என்ஜினியராக இருந்த என்னைக் கம்பனி பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் மனைவி வசந்தியையும் கூட்டிப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒசாக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம்.

“இஞ்சாருங்கோ, ஆரையும் ஒருக்காக் கேட்டுப்போட்டு ஏறுவமே?” என்றாள்.

“மெல்பேர்ணில ட்ராம், ட்ரெயின் எல்லாத்திலயும் திரியிறவன் நான். நீர் பேசாம வாரும்.” (ஜப்பானிய மொழியில் எனக்கு ‘நன்றி’கூடத் தெரியாது.)

வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. பெயர்ப் பலகையைத் தூண் மறைத்தது. பார்க்கலாமென்று இறங்கினேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் வசந்தி சேலையும் பொட்டுமாகப் போய்க்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட், காசு, ஹோட்டல் விலாசம் எல்லாம் என் பையில். 

ஸ்டேஷன் அறைக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரிக்கு ஆங்கிலம் வராது. நெற்றியில் பொட்டு வைத்து, தோளில் முந்தானை போட்டு, கொசுவம் செருகி நடித்துக் காட்டினேன். (வெளியே நின்ற ஒருவர் கைதட்டினார்.) அதிகாரி நல்ல மனுசன். கரும்பலகையில் ஒரு பெண்ணை வரைந்துவிட்டு, இவரா என்பதுபோல் என்னைப் பார்த்தார். அச்சு அசல் வசந்தி! சந்தோஷத்தில் எங்கள் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

அதை அவர் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டார். பாவம், அழித்துவிட்டு வேறு வரைந்தார். அவ்வளவு சரியில்லைதான்; ஆனாலும் இவ்வளவு பாடுபடுகிறவரின் மனம் நோகக் கூடாதே என்று அதற்கும் ஆட்டினேன். மறுபடி அழித்தார். வரைய வரைய வசந்தி பருத்துக்கொண்டே போனாள். கடைசியில் பலகையில் நின்றது என் பெரிய மாமி.

அப்போது கதவு திறந்தது. வசந்தியின் கையைப் பிடித்தபடி ஒரு ஜப்பானிய அம்மா நின்றார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அழுதுகொண்டு நின்றவளை, திரும்பும் ரயிலில் தானே கூட்டி வந்திருக்கிறார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

வசந்தி பலகையைப் பார்த்தாள். “இது ஆர்?”

“நீர்தான்,” என்றேன், மடையன்.

ஹோட்டல் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. என் சட்டையைப் பிடித்த பிடியையும் விடவில்லை.

இப்போதும் மெல்பேர்ணில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், “அன்ரி, நீங்கள் ஜப்பானில தொலைஞ்சு போனனீங்களாமே?” என்று கேட்டால் வசந்தி உடனே திருத்துவாள்.

“நான் எங்க பிள்ளை தொலைஞ்சனான்? நான் ரெயிலுக்குள்ள பத்திரமா இருந்தனான். இறங்கித் தொலைஞ்சது அவர். தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தது நான்.”