கோரம் அக்கா எழுந்து வெளியே போன நாள்

சிங்கப்பூரில் லிஃப்டுக்குள் ஒரு நிர்வாகக் குழுக் கூட்டத்தைத் தொடங்கி, தீர்மானம் நிறைவேற்றி, தரைத்தளத்தில் கதவு திறப்பதற்குள் முடித்தும் வைத்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். அவரை நாங்கள் கோரம் அக்கா என்று அழைப்போம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி இருக்குமல்லவா, அந்த ஆங்கிலக் கோரம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு நண்பர், இவ்வளவு லட்சணமான அம்மாவுக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று என்னிடம் தனியாக வருத்தப்பட்டார். நான் விளக்கினேன். ஒரே ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்கார்ந்துவிட்டு, பெயர் இரண்டு விதத்திலும் பொருத்தம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடை ஒன்றின் மேலே இரண்டு அறைகள். அதுதான் எங்கள் கலைக்கூடம். அதற்கு முறையாகப் பதிவுசெய்த நீளமான பெயர் உண்டு, யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அது ‘மாடி’. நாடக ஒத்திகை, ஓவிய வகுப்பு, கவிதை வாசிப்பு எல்லாம் அங்கே நடக்கும். லாப நோக்கம் கிடையாது; லாபம் வருவதற்கான அறிகுறியும் கிடையாது. இதை நடத்த ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு. நான்கு பேர் வந்தால் கோரம். அக்காதான் செயலாளர்.

நான் அந்தக் குழுவில் சேர்ந்தது மழையால். பூக்கடை வாசலில் ஒதுங்கினேன். சாரல் அடித்ததால் படியேறினேன். மேலே ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஏழாவது ஆள் கிடைக்காமல் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். தமிழ் எழுதத் தெரியுமா என்று கேட்டார். பத்திரிகையில் எழுதுகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மழை விடுவதற்குள் உறுப்பினர் படிவம், முன்மொழிவு, வழிமொழிவு, கைதட்டல் எல்லாம் முடிந்துவிட்டது. குடை எடுத்துவராததற்கு இவ்வளவு பெரிய தண்டனை வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

அக்கா ஓய்வுபெற்ற தலைமைத் தாதி. மருத்துவமனை வார்டு ஒன்றை முப்பது வருஷம் ஆண்டவர். ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களைப் பிடித்த பழக்கத்தில், கூட்டத்துக்குப் பயந்து ஓடுகிறவர்களையும் அவரால் பிடிக்க முடிந்தது. நீங்கள் வர முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கே இருப்பீர்கள் என்று மட்டும் கேட்பார். கூட்டம் அங்கே வரும்.

லிஃப்ட் கூட்டம் அப்படி நடந்ததுதான். ஒரு விண்ணப்பத்துக்கு அன்றைக்கே குழுவின் ஒப்புதல் வேண்டும். எங்கள் தலைவரோ விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பொங்கோலில் அவர் குடியிருக்கும் புளோக்கின் பன்னிரண்டாவது மாடியில், பெட்டியோடு அவர் லிஃப்டுக்குள் நுழைந்தபோது உள்ளே நானும் பொருளாளரும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம். ஒன்பதாவது மாடியில் முன்மொழிந்தோம். ஏழாவது மாடியில் ஒரு சீன அம்மா ஏறியதால் சற்றே தாமதம். கூட்டக் குறிப்பில் இன்றைக்கும் இருக்கிறது: ‘பார்வையாளர்: ஒருவர், கையில் கங்கோங் கீரையுடன்.’

பொருளாளர் முட்டி ஆபரேஷன் செய்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது கூட்டம் அவர் கட்டிலைச் சுற்றி நடந்தது. நோயாளிக்கு இரண்டு பேருக்கு மேல் பார்வையாளர் கூடாது என்றார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டால் போதும், அது கூட்டம்தான் என்று அக்கா விதிப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, தலைவரை உள்ளே உட்காரவைத்து, என்னை நடைபாதையில் நிறுத்தினார். மூன்றாவது விஷயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையணையைத் தட்டிப்போட்டார், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார், பணியிலிருந்த தாதியைக் கூப்பிட்டு மாத்திரை நேரத்தை விசாரித்தார். அந்தப் பெண் தன்னையறியாமல் நேராக நிமிர்ந்து நின்று பதில் சொன்னதை நான் நடைபாதையிலிருந்து பார்த்தேன்.

கைப்பேசித் திரையில் கூட்டம் போடலாமே என்பீர்கள். ஒருமுறை சம்மதித்தார். யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதோடு சரி.

இப்படிப்பட்டவர் ஒருநாள் கோரத்தை அவரே உடைத்தார். சொல்ல வந்தது அதைத்தான்.

மாடியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கிராஞ்சிப் பக்கத்து விடுதியிலிருந்து கட்டுமான ஊழியர்கள் இருபத்திரண்டு பேர் நாடகம் போட வருவார்கள். எழுதி இயக்குபவர் முருகேசன். வார நாட்களில் சாரம் கட்டுகிறவர். வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறை நாளில், இரண்டு பஸ் மாறி, அரை நாளைச் செலவழித்து வந்து வசனம் மனப்பாடம் செய்தார்கள். வந்தால் படி முழுக்கச் செருப்பு. உள்ளே பறை. பக்கத்து மாடியிலிருந்து புகார்.

தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர். கெட்டவர் இல்லை, ஒழுங்குக்குப் பழகியவர். யோகா வகுப்பு நடத்தும் ஒரு குழு அதே நேரத்தைக் கேட்டிருந்தது. யோகா சத்தம் போடாது என்றார். ஞாயிறு பிற்பகலை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

அன்றைக்கு வந்திருந்தது நான்கே பேர். தலைவரும் பொருளாளரும் ஒரு பக்கம், அக்காவும் நானும் ஒரு பக்கம். சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அந்த விதியை எழுதியவரே அக்காதான். ஊழியர்களால் வேறு நாளில் வர முடியாது என்று அக்கா ஒருதடவை சொல்லிப் பார்த்தார். தலைவர் வருத்தமாகத் தலையாட்டிவிட்டு, ஓட்டுக்குப் போகலாம் என்றார்.

அக்கா பேனாவை மூடினார். எழுந்தார். கதவைத் திறந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“சார், உள்ள எத்தனை பேரு இருக்கீங்க?”

தலைவர் எண்ணிப் பார்த்தார். “மூணு பேரு, சிஸ்டர்.”

“அப்போ கோரம் இல்ல சார். கூட்டம் கலைஞ்சிருச்சு.”

நான் வெளியே ஓடினேன். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். “தப்பு பண்ணிட்டேன் தம்பி. தெரிஞ்சுதான் பண்ணேன்,” என்றார். அன்றைய கூட்டக் குறிப்பையும் அவரே எழுதினார்: ‘செயலாளரின் பொறுப்பற்ற வெளியேற்றத்தால் கூட்டம் கலைந்தது.’ பொறுப்பற்ற என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. தலைவர் எனக்குப் போன் செய்து அரைமணி நேரம் கொதித்தார். அக்கா அதற்குள் பக்கத்து மாடிக் கதவைத் தட்டியிருந்தார். புகார் கொடுத்தவர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் ஒரு தாதி. அவ்வளவுதான், அக்கா அந்த நிமிஷமே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார். முருகேசனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்குற பொண்ணு தலைமாட்டுல பறை அடிப்பீங்களா? நாலு மணிக்கு எந்திரிக்கிறாங்க. அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது லா.”

நாடகம் போடுகிறவர்களிடம் மூச்சு விடாதே என்றால் என்ன செய்வார்கள்? கிசுகிசுவென்று ஒத்திகை பார்த்தார்கள். செருப்புகள் சுவரோரம் ஜோடி ஜோடியாக வரிசையில் நின்றன. வார்டில் கட்டில்கள் நிற்பதுபோல.

தலைவரை ஒத்திகை பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார். அக்கா முறைப்படி கடிதம் அனுப்பினார்: ‘வளாக ஆய்வு, ஞாயிறு, பிற்பகல் இரண்டரை.’ ஆய்வு என்றதும் தலைவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டார். வாசலில் நின்றபடி பார்த்தார். வசனம் காதில் விழவில்லை. இரண்டு அடி உள்ளே வந்தார். அப்போதும் சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து காதைக் கொடுத்தார்.

மழையில் லாரிக்குக் காத்திருக்கும் ஆட்களைப் பற்றிய காட்சி அது. ஒருவன் வீட்டுக்குப் போன் பேசுகிறான். இங்கே மழையே இல்லை என்கிறான், சொட்டச் சொட்ட நனைந்தபடி. உரக்கச் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அந்த ஆள் கிசுகிசுத்தபோது அறையில் யாரும் அசையவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையைத் தூக்கினார்.

“தம்பி, மழைக்கு ‘ழ’ வரணும். ‘மளை’னு சொன்னா நனையாது.”

அந்த ஒரு ‘ழ’வில் ஆரம்பித்து ஆறு மணிவரை உட்கார்ந்து இருபத்திரண்டு பேருக்கும் திருத்திக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குப் பறை எழுந்தபோது காலால் தாளம் போட்டதையும் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஞாயிறு விஷயத்தை விட்டுவிட்டு மேலே போகலாம் என்றார் தலைவர். அக்கா விடவில்லை. தீர்மானம் நிலுவையில் இருக்கிறது, முன்மொழிய யாராவது உண்டா என்று விதிப்படி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்மொழிய ஆளில்லாததால் கைவிடப்பட்டது என்று அக்கா எழுதினார். யோகாக்காரர்களுக்குப் புதன்கிழமை மாலை கிடைத்தது, அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

ஒருவர் ஒரே பதவியில் ஒன்பது வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று மாடியில் ஒரு விதி உண்டு. யார் எழுதியது என்று சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அக்காவுக்கு ஒன்பது முடிந்தது. விதியைத் திருத்திவிடலாம் என்று தலைவரே சொன்னார். தனக்காக ஒரு விதியை வளைத்தால் நாளைக்கு எல்லோருக்கும் வளைக்க வேண்டியிருக்கும் என்று அக்கா மறுத்துவிட்டார். கோப்புகளையும் சாவியையும் மேசையில் வைத்தார். நன்றி சொல்ல நான் எழுந்தேன். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தைப் பேச அனுமதியில்லை என்று உட்கார வைத்துவிட்டு, சுவா சூ காங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு நிகழ்ச்சி நிரல் கிடையாது, அக்கா. அதனால் சொல்கிறேன். நீங்கள் போனபிறகு எங்கள் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. எங்கள் யாருக்கும் அது பிடிக்கவில்லை.