அவசரம் ஒழிந்த மருத்துவமனை

நோயை ஒழித்த மேதைகள் உலகில் உண்டு. ஆனால் ஒரே ஒரு கணினியை மாற்றி, ஒரு மருத்துவமனையிலிருந்து 'அவசரம்' என்பதையே அடியோடு ஒழித்த பெருமை எங்கள் தலைமை நிர்வாகி ஒருவரையே சாரும். மருந்தில்லை, ஊசியில்லை. மேசையில் பளபளவென்று ஒரு புதுக் கணினி வந்து இறங்கியது, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் அன்று முதல் அந்தக் கணினியில்தான் தட்டச்சானது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, கோளாறு. கடைசியில் மருத்துவர் சொன்ன ஒரு சொல்: 'அவசரம்' அல்லது 'பொறுக்கலாம்'. கீழ்த்தளத்தில் இருந்த பழைய கணினி தினமும் காலை ஏழு மணிக்கு அந்தப் பட்டியலை வாங்கி, 'அவசரம்' என்று முடியும் வரிகளை மட்டும் பொறுக்கி அறுவை அரங்குக்கு அனுப்பும். அதற்கான சின்ன ஸ்கிரிப்டை எழுதியவள் கீழ்த்தளத்துக் கணினிக்காரி. கணினி சொல்லாத ஆள்மேல் அறுவை அரங்கில் கத்தி படக்கூடாது என்பது மருத்துவமனையில் எழுதப்பட்ட விதி.

புதுக் கணினி வந்த மறுநாள் அறிக்கை சொன்னது: 'இன்றைய அவசரம்: 0.' அதற்கு மறுநாளும் பூஜ்யம். ஐந்தாம் நாள் வாசலில் பேனர் கட்டினார்கள். அறுவை மருத்துவர்கள் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து மருக்களையும் மச்சங்களையும் நிதானமாக, கலைநயத்தோடு அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினோராம் நாள் கணினிக்காரியின் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, டாக்டர் என் சீட்டுல அவசரம்னுதானே எழுதினாரு? இன்னும் கூப்பிடவே இல்லையே. வலி உயிர் போகுதுடி. எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க?"

அவள் அன்றைய அறிக்கையைப் பார்த்தாள். "யாருமே இல்லக்கா. நீயும் இல்ல."

பட்டியலைத் திறந்தாள். ஒன்பதாவது வரியில் அக்கா இருந்தாள். வரியின் கடைசியில் 'அவசரம்' முழுசாக இருந்தது. அப்படி முடிந்த வரிகளை விரல் வைத்து எண்ணினாள். பதினேழு பேர். ஸ்கிரிப்டை ஓட்டினாள். பூஜ்யம். அதே பதினேழு வரிகளைப் பழைய கணினியில் தானே தட்டச்சு செய்து ஓட்டினாள். பதினேழும் வந்து நின்றன. ஆக, ஸ்கிரிப்டில் பிழையில்லை, வந்த கோப்பில்தான் ஏதோ இருக்கிறது. மறைந்திருப்பதையும் காட்டும் கட்டளையைக் கொடுத்ததும் குட்டு வெளிப்பட்டது. ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு குறி ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் உருளையை இழுத்துத் தள்ளுவார்களே, அந்தக் காலத்துப் பழக்கத்தைப் புதுக் கணினி விடாமல் வைத்திருந்தது. பழைய கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது அந்தக் குறியையும் ஓர் எழுத்தாகவே படித்ததால், அதன் கணக்கில் எந்த வரியும் 'அவசரம்' என்று முடியவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. வாலை நறுக்கிவிட்டுத் தேடு என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆனால் ஒப்புதல் இல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது. ஆகவே 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது.

"வரிக் கடைசியில ஒரு எழுத்து கூடுதலா இருக்கு சார். அது கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததை நீ எப்படிம்மா பார்த்த?" என்றார் நிர்வாகி.

"அதுக்கு ஒரு கட்டளை இருக்கு சார்."

கண்காணிப்பாளர் கவலையோடு கேட்டார்: "அந்த எழுத்து யாரோட அனுமதியில உள்ள வந்துச்சு?"

"புது கம்ப்யூட்டர் போடுறது சார்."

"அது தப்பு பண்ணாது. அதைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்."

"அது மேல தப்பே இல்ல சார். ரெண்டுக்கும் வரியை முடிக்கிற பழக்கம் வேற, அவ்வளவுதான். பதினேழு பேர் காத்துட்டு இருக்காங்க சார். எங்கக்காவும் ஒருத்தி."

"அப்படிச் சொல்லு! சொந்தக்காரங்களுக்காக சிஸ்டத்தையே மாத்தச் சொல்ற." நிர்வாகி நாற்காலியில் சாய்ந்தார். "வெள்ளிக்கிழமை இந்தப் பூஜ்யத்துக்குக் கேடயம் தர்றாங்க. அதுவரைக்கும் அதைத் தொடாத. அந்தக் கண்ணுக்குத் தெரியாததை ஒரு போட்டோ எடுத்துக் கொண்டா, ஃபைல்ல வைப்போம்."

புதன்கிழமை நிர்வாகியின் மச்சினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கணினி வழக்கம்போலப் பூஜ்யம் என்றது. நிர்வாகி பட்டியலை அச்செடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் தடவிப் பார்த்து அரை நிமிடத்தில் மச்சினரைக் கண்டுபிடித்துவிட்டார். விதி சற்று விலகி வழிவிட்டது; மச்சினர் அன்றே அரங்குக்குப் போனார். வழியில் அந்த விரல் பதினேழு 'அவசர'ங்களைக் கடந்து போயிருந்தது. மனிதக் கண்ணின் மகிமையே மகிமை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கேடயம் வாங்கப் போயிருந்தார்கள். கணினிக்காரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை போனால் போகட்டும் என்று அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை அரங்குக்குப் பதினைந்து வரிகள் போயின. எட்டரைக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது.

திங்கட்கிழமை அவள் மேசைக்கு ஒரு குறிப்பாணை வந்தது.

'1. இந்நிறுவனத்தில் முற்றிலும் ஒழிக்கப்பட்டிருந்த அவசரத்தை, உரிய அனுமதியின்றி ஒரே நாளில் மீண்டும் உருவாக்கியது ஏன்? 2. பதினேழு பேர் என்று கூட்டத்தில் கூறிவிட்டு, பதினைந்து பேரை மட்டும் காட்டியது ஏன்? மீதி இருவர் எங்கே?'

இரண்டாவது கேள்விக்கு மட்டும் அவள் பதில் எழுதினாள்:

'ஐயா, கண்ணுக்குத் தெரியாததைப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு படங்கள் இணைத்துள்ளேன்.'

இரண்டும் சென்ற வார நாளிதழ்களின் இரங்கல் பக்கத்திலிருந்து கத்தரித்தவை.