ஊதா நாற்காலி பக்கத்துல அன்பியமே முட்டி போட்ட கதை

முதலியார்பேட்டை, சனிக்கிழமை

என் கையால மெத்த தச்ச நாற்காலியில சாமியாரே உட்கார்ந்துட்டாரு அக்கா, ஆனா படம்தான் இல்ல!

'வீட்லயே பண்ணு' சேனலின் மதிப்பிற்குரிய செந்தமிழ்ச்செல்வி அக்கா அவர்களுக்கு, முதல் வீடியோவிலிருந்து தங்கள் ரசிகனாகிய மரிய அருண் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். கதிர்காமத்தில் தாங்களும், தங்கள் தையல் மெஷினும், வீடியோவில் குறுக்கே வரும் பூனையும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நிற்க. சென்ற மாதம் 'ரசிகர் வீட்டு மூலை'யில் ஒரு பச்சை சோபாவைக் காட்டி, "தம்பி ஜெரின் என்னமா தச்சிருக்கு பாருங்க" என்றீர்கள். அந்த ஜெரின் எங்கள் அடுத்த தெரு. தங்கள் சேனலை அவனுக்குக் காட்டியதே நான்தான். எங்க மாதா கோயில் பங்குல அன்பியம்னு, தெருக்காரங்க மாசம் ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்ணுவோம். போன மாசம் அவன் வீடு. பங்குச் சாமியாரு சூசை அந்தச் சோபாவுல சாஞ்சு உட்கார்ந்தாரு, அதைத்தான் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புனான். அன்னிக்குக் குடுத்த கேக்கு எனக்குத் தொண்டையில எறங்கல.

இந்த மாசம் எங்க வீடு. எங்ககிட்ட இருந்தது அப்பா காலத்துக் கை வச்ச நாற்காலி, ரெக்சின் கிழிஞ்சு தேங்கா நாரு எட்டிப் பாக்கும். என் தலகாணியவே பிரிச்சு ஸ்பாஞ்ச எடுத்தேன், இப்ப லுங்கியச் சுருட்டி வச்சுத்தான் தூங்குறேன். துணிக்கு காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தை. யாரும் சீண்டாத ஊதா வெல்வெட் கட்பீஸ் ஒண்ணு சல்லிசா கெடச்சுது. நீங்க சொன்ன மாதிரியே நடுவுலருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்து ஆணி அடிச்சேன், மூலைய பொட்டலம் மாதிரி மடிச்சேன். படத்துக்கு வெளிச்சம் விழணும்னு ஜன்னலோரமா, தனியா, பக்கவாட்டா திருப்பிப் போட்டேன்.

தப்பு அங்கதான் அக்கா. இது தவக்காலம், கோயில்ல எல்லாமே ஊதா. பாவசங்கீர்த்தனம் கேக்குற சாமியாரும் ஓரமா, தனியா, இப்படித்தான் பக்கவாட்டா உட்காருவாரு. நாம பக்கத்துல முட்டி போட்டுப் பாவத்தச் சொல்லுவோம். சாமியாரு வந்தாரு, உட்கார்ந்தாரு, நான் போனைத் தூக்குனேன். அதுக்குள்ள எதிர்வீட்டு வேளாங்கண்ணி பெரிம்மா விடுவிடுன்னு போய் முட்டி போட்டு, "சாமி, நான் பாவி"ன்னு ஆரம்பிச்சிடுச்சு. நாங்கதான் ஏற்பாடு பண்ணியிருக்கோம்னு நெனச்சு அவரும் ஜோப்புலருந்து, பாவசங்கீர்த்தனத்துக்குப் போடுற ஊதாப் பட்டைய எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டாரு.

"போனை உள்ள வைப்பா. அடுத்தவங்க பாவத்தக் கேக்கக் கூடாது, எல்லாரும் வெளிய நில்லுங்க."

அன்பியமே தெருவுல நின்னுச்சு. ஒவ்வொருத்தரா உள்ள போனாங்க. கண்ண மூடிக்கிட்டு முட்டி போடுறவங்க வெல்வெட்டையா பாப்பாங்க? உள்ள போன ஜெரின் வரவே இல்ல. என் நாற்காலிகிட்ட அவனுக்கு அவ்ளோ நேரம் என்ன பேச்சுன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. கடைசியா நான் போனேன். ஜெரின் சோபா மேல பொறாமைன்னு சொன்னேன். சாமியாரு சிரிக்கல. பாவத்துக்குப் பரிகாரமா ஜெபம்தான் சொல்லச் சொல்லுவாருன்னு பாத்தா, "அந்தச் சோபாவ மனசாரப் பாராட்டி எழுது"ன்னுட்டு எழுந்து கெளம்பிட்டாரு, படமும் போச்சு.

ஆகவே எழுதுகிறேன். அந்தப் பச்சை சோபா மிகவும் நன்றாக இருக்கிறது. எடது கைப்பிடி லேசா கோணல், ஆனாலும் மிகவும் நன்றாக இருக்கிறது.

தங்கள் கைக்கும் ஊசிக்கும் ஆண்டவர் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
தலகாணி இல்லாத ரசிகன்,
மரிய அருண்

பி.கு.: மேல எழுதுனத விட்டுடுங்க அக்கா. இப்பதான் உங்க புது வீடியோ பாத்தேன், அதுல என் நாற்காலி! எல்லாரும் கெளம்புனப்பறம் செருப்பு தேடுற மாதிரி நின்ன ஜெரின்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கான். போன் போட்டு ஏன்டான்னு கேட்டேன். "சாமியாரு எனக்கும் அதேதான்டா சொன்னாரு. சந்தையில நீ அந்த வெல்வெட்ட வாங்குறத பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல"ன்னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா நீங்க, "அடுத்தவங்க நாற்காலிய அனுப்பி வைக்க எவ்ளோ பெரிய மனசு வேணும், தம்பி ஜெரினுக்கு ஒரு லைக்கு"ன்னுட்டீங்க. கமெண்ட் பூரா ஜெரின், ஜெரின். தச்சது யாருக்கா? இத மட்டும் வீடியோல வாசிங்க: சேனல் மக்களே, ஷேர் பண்ணுங்க, 'தச்சது அருண்'னு ஆளுக்கு ஒரு வரி போடுங்க, நான் மறுபடியும் போய் முட்டி போடுறதுக்குள்ள.