இருபது மைலும் ஐந்து பெல்ட்டும்

வடமராட்சியில் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திக்கொண்டு போகிற ஒரே கார் எங்கள் ‘இருபது மைல்’ அண்ணையுடைய அந்தக்காலத்து ஏ-40, ஊர்வாயில் ‘ஏ போட்டி’தான். மணிக்கு இருபது மைலுக்கு மேல் அவர் ஓடியதை உடுப்பிட்டியில் யாரும் கண்டதில்லை. ஒருமுறை சந்தியில் நின்ற மாடு ஒன்று அவருக்கு வழிவிட எழுந்து, பாதித் தூரம் நடந்து, மனம் மாறித் திரும்பவும் வந்து படுத்துவிட்டது. கார் அப்போதும் வந்து சேரவில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைத் தபால்காரர் மட்டும் பாவித்தார். காருக்கும் அவருக்கும் ஒரே வயது. மனைவி இறந்து, ஒரே மகளும் கனடா போன பிறகு, வீட்டில் அவர் கதைப்பதற்கு மிஞ்சியது அந்தக் கார்தான். காலையில் பொனட்டைத் திறந்து அரைமணி நேரம் கதைப்பார். நான் அடுத்த வளவுக்காரன். பிள்ளைகள் லண்டனில் இருக்கும் தனிக்கட்டை. வேலிக்கு மேலால் எனக்கு எல்லாம் கேட்கும்.

ஒருநாள் விடிய வேலியடிக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“தம்பி, பிள்ளை ஆவணியிலை வாறாளாம். பேரனையும் கூட்டிக்கொண்டு.”

“நல்லதண்ணை. பலாலி எயாப்போட்டுக்கு நீங்கள்தானே போய் ஏத்துறது?”

“அங்கைதான் சிக்கல். பெல்ட் இல்லாத காரிலை பெடியனை ஏத்த மாட்டாளாம். வாடகைக்கு வான் ஒண்டு பிடிக்கப் போறாளாம். என்ரை பேரன் வாடகை வானிலையோ என்ரை வீட்டுக்கு வாறது?”

அந்தக் கார் செய்த காலத்தில் பெல்ட் என்பது காற்சட்டைக்குக் கட்டுகிற சாமான். ஆனால் அவர் விடுகிற ஆளா? நெல்லியடியில் தெரிந்த கராஜ்காரர் ஒருவரைப் பிடித்தார். அந்த மனிதர் காரின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார்.

“அண்ணை, உதிலை துளை போட மெசின் தேவையில்லை. விரலாலை குத்தினாலே காணும்.”

அடித்தகடு முழுவதும் கறள் பிடித்து இற்றுப்போயிருந்தது. அதை வெட்டி எறிந்து, புதுத் தகடு ஒட்டி, அதில் துளை போட்டார்கள். உடைத்துப்போட்ட வான்களிலிருந்து நாலு பெல்ட் வந்தது. இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று முன்பு என்ன நிறமாக இருந்தது என்று சொல்ல முடியாதது. ஐந்தாவது, பின்சீட் நடுவில் இருக்கப்போகிற பேரனுக்கு. அதை வல்வெட்டித்துறையில் வள்ளங்களை மூடும் படங்குத் துணி தைக்கிறவரிடம் கொண்டுபோனார். நாலு வயதுப் பெடியனின் அளவை மகளிடம் போனில் கேட்டு, அதன்படி வெட்டச் சொன்னார்.

“கொஞ்சம் கூட விட்டுத் தைப்பமே?” என்று படங்குக்காரர் கேட்டார்.

“வேண்டாம். ஆவணியிலை வந்திடுவினம்.”

பிறகு பரிசோதனை. பின்சீட்டில் மூன்று வெங்காய மூட்டைகளை ஏற்றிப் பெல்ட் போட்டார். முன்சீட்டில் என்னை ஏற்றிப் பெல்ட் போட்டார். கடற்கரை வீதியில் தன் முழு வேகமான இருபதில் ஓடிச் சடாரென்று பிரேக்கில் ஏறி நின்றார். மூட்டைகள் அசையவில்லை. அவற்றின் கீழிருந்த சீட் மெத்தைதான் கழன்று வந்து எங்கள் இரண்டு பேருக்கும் பிடரியில் ஒன்று போட்டது.

“பாத்தீரே! பெல்ட் எப்பிடி நிக்குது!” என்றார், பிடரியைத் தடவிக்கொண்டே.

ஆவணி வந்தது. மகள் வரவில்லை. பெடியனுக்குப் பள்ளிக்கூடம் மாற்றமாம். அடுத்த ஆவணி அவளுக்கு லீவு இல்லை. அதற்கடுத்த ஆவணி மருமகனுக்கு இல்லை.

இதற்கிடையில் பெல்ட் வேறொரு வேலையும் பார்த்தது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக அந்தக் காரில் எட்டுப் பேர் ஏறுவார்கள். மடியில் ஒருவர், மடியிலிருப்பவரின் மடியில் ஒரு சாப்பாட்டுக் கூடை. இப்போது அண்ணை கதவடியில் நின்று, “பெல்ட் இல்லாத ஆளுக்கு இடமில்லை” என்றார்.

“உவர் ஆக்களையும் மாடு மாதிரிக் கட்டித்தான் ஏத்துவாராம். நாங்கள் வானிலை போறம்” என்று அயல்வீட்டுப் பெண்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நடு பெல்ட் வேறு பேரனுடையது. அதை யாரும் தொடக்கூடாது. கடைசியில் அவர் தனியாகத்தான் ஓடினார். வெறும் சீட்டுகளில் பெல்ட் கொளுக்கிகள் கிணுகிணு என்று அடித்தன. சத்தம் தாங்காமல் எல்லாவற்றையும் வரிசையாகப் பூட்டிவிட்டார்.

ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, உள்ளே குனிந்து பார்த்தார்.

“ஐயா, எல்லாச் சீட்டுக்கும் பெல்ட் போட்டிருக்கு. ஆக்கள் எங்கை?”

“வருவினம், தம்பி.”

பொலிஸ்காரர் கையைக் காட்டிப் போக விட்டுவிட்டாராம். இதை அண்ணை ஒரு பகிடியாகத்தான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவது ஆவணியில் அவர்கள் உண்மையாகவே வந்தார்கள். துணைக்கு நானும் பலாலிக்குப் போனேன். மகள், மருமகன், பேரன். அண்ணை பின்கதவைத் திறந்து, பேரனை நடுவில் இருத்தி, பெல்ட்டை இழுத்தார். அது பெடியனின் வயிற்றில் பாதியோடு நின்றது. திரும்பவும் இழுத்தார். ஒரு சாண் காணாது.

“அப்பா,” என்றாள் மகள் மெதுவாக, “இவனுக்கு இப்ப ஏழு வயசு.”

“ஓம் பிள்ளை. நான் நாலுக்குத் தைச்சனான்.”

அவர் கையில் அந்தக் கொளுக்கி. அப்பால் வாடகை வான்கள் வரிசையாக நின்றன. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். “நான் பஸ்ஸிலை வாறன், பிள்ளை. நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ” என்றேன்.

“வேண்டாம் மாமா, இருங்கோ.” அவள் மகனை யன்னலோரம் தள்ளித் தன் பெல்ட்டை அவனுக்குப் பூட்டினாள். நடுவில் தான் ஏறினாள். “அப்பா, நீங்கள் இருபதுக்கு மேலை ஓட மாட்டீங்கள்தானே?”

அண்ணை அன்று பதினைந்தில் ஓடினார். கண்ணாடியில் பார்த்தேன். அந்தச் சின்னப் பெல்ட்டின் இரண்டு முனைகளையும் மடியில் வைத்துப் பிடித்தபடி, உடுப்பிட்டி வரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள்.

இரண்டு கிழமை லீவு முடியப் போய்விட்டார்கள். “பெல்ட்டைப் பெரிசாக்குவமே அண்ணை?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. இனி அளவெடுக்கேக்கை பெடியன் பக்கத்திலை நிக்கவேணும்.”

இப்போதும் பின்சீட்டில் மூன்று பெல்ட்டும் பூட்டியே இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் முன்சீட் பெல்ட்டை மட்டும் எனக்காகக் கழற்றி வைத்துவிட்டு, கீரிமலைக்குப் போக என் வேலிப் படலையடியில் வந்து ஹோர்ன் அடிக்கிறார். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் வியாழன் பின்னேரமே வேட்டியை மடித்து எடுத்து வைத்துவிடுகிறேன்.