ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தத்துவப் போர்

இருபத்திரண்டு வருட இல்லறத்தில் சைதூனிடம் ஒரு வாதத்திலும் ஜெயிக்காத அப்துல் கையூம், இந்த வாரம் ஜெயித்தே தீருவது என்று முடிவெடுத்தார். சத்தம் போட்டு அல்ல. முறைப்படி படித்து!

பேகம்பூரில் பெல்ட், பர்ஸ் விற்கிற கையூம் பாய் ஐம்பது வயதில் தபால் வழியில் பி.ஏ. தத்துவம் சேர்ந்ததே இதற்காகத்தான். பாடப்புத்தகத்துக்குத் துணையாகப் பல்கலைக்கழகம் ஒரு வெப்சைட் வைத்திருந்தது. நம் வாதத்தை அதில் தட்டிவிட்டால் சரியா, ஓட்டையா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். மனுஷர் சொக்கிப்போனார்.

ஒரே இடைஞ்சல், உள்ளே நுழைய ஒவ்வொரு தடவையும் போனுக்கு வரும் ஓடிபி. கடை நம்பர் ஓயாமல் அடிக்கிறதே என்று, சேரும்போது மனைவி நம்பரைக் கொடுத்துத் தொலைத்திருந்தார். ஆகவே சைதூனுக்கு எதிராகச் சதி செய்ய ஒவ்வொரு தடவையும் சைதூனையே கூப்பிட வேண்டியிருந்தது.

"சைதூன்! ஓடிபி வந்துச்சா?"

"நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு. இம்புட்டு படிக்கிறீங்களே, கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வடமதுரையில் சைதூனின் அண்ணன் ரஹ்மத்துல்லா புது வீடு குடிபோகிறார். இழுத்துக்கொண்டு போகாமல் விடுவாளா சைதூன்? கையூமுக்கோ வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. குப்புறப் படுத்துத் தூங்க வேண்டும். இந்த உலகத்தில் அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

மூன்றாம் பாடம் வழி சொன்னது: கேள்வி மட்டும் கேளுங்கள், எதிராளி தானாக உங்கள் முடிவுக்கு வந்து சேருவார். பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டு கையூம் அடுப்படிக்குள் நுழைந்தார்.

"சைதூன், லீவுன்னா என்ன?"

அவள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "வேல செய்யாம இருக்கிறது."

"பஸ்ல இடிபட்டு வடமதுரை போறது வேலையா, இல்லையா?"

"வேலதான்."

"அப்ப லீவு நாள்ல போகலாமா?"

"கூடாதுதான்."

கையூமுக்குப் புல்லரித்தது. இருபத்திரண்டு வருஷம்!

"நானும் ஒண்ணு கேக்கவா?" என்றாள் சைதூன். "லீவு உங்களுக்கு மட்டுமா, எனக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்!" ஜெயித்தவரின் தாராளம்.

"சமைக்கிறது வேலையா?"

"வேல... தான்."

"அப்ப ஞாயித்துக்கிழம நான் சமைக்க மாட்டேன்."

"கடையில வாங்கிக்குவோம்!"

"வெயில்ல போயி வரிசையில நின்னு பார்சல் வாங்குறது?"

சைதூன் நறுக்கிய வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினாள்.

"வேல செய்யாம அன்னிக்கி எங்க சோறு கெடைக்கும்? அண்ணன் வீட்டுல. அண்டா நெறைய பிரியாணி. பஸ்ல போனாத்தானே இடிபடணும்? கார் அனுப்பச் சொல்றேன். சாஞ்சுக்கிட்டே போகலாம்."

கையூம் மாடிக்கு ஓடி அவள் வாதத்தை அப்படியே தட்டினார். எங்கேயாவது ஓட்டை இருக்காதா?

"சைதூன்! ஓடிபி!"

"ஒம்பது, ரெண்டு, சைபர், ஆறு!"

வெப்சைட் செத்த நேரம் சுற்றியது. 'வாதம் சரியானது. பிழை ஏதுமில்லை. வாழ்த்துகள்!'

ஞாயிற்றுக்கிழமை காரிலிருந்து இறங்கியவரை ரஹ்மத்துல்லா ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"வாங்க மச்சான்! முந்தி தங்கச்சி வரலைன்னு சொல்லுச்சு, அப்பறம் கார் அனுப்புன்னுச்சு. என்ன நடந்துச்சு?"

கையூம் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றாள் சைதூன் முக்காட்டைச் சரிசெய்தபடி. "எனக்கு இடுப்பு வலின்னு வியாழக்கிழமயே அண்ணன்கிட்ட வரலைன்னு சொல்லிட்டேன். நீங்க வந்து லீவுன்னா என்னன்னு கேட்டப்பதான் வரலாமேன்னு யோசிச்சேன்."